விடுகைப் பத்திரத்தில் விடுபட்ட வரி



யாழ்ப்பாணத்து மக்கள் பத்திரங்களின் அருமையை நன்கறிந்தவர்கள். ஒரு பரப்புக் காணிக்காக இரண்டு தலைமுறை வழக்காடிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. உறுதியில் எல்லை பிழைத்திருந்தால் முன்னை உறுதியை எடுத்துப் பார்ப்போம். அதிலும் ஐயம் தீராவிடின் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு வரை சென்று தேடுவோம். ஆனால், அந்த உறுதிகள் கிடக்கும் அதே பெட்டகத்தின் அடியிலே, பழுப்பேறி மடிப்பு மடிப்பாகக் கிழிந்த வேறொரு கடதாசியும் சில வீடுகளில் உண்டு. அது பாட்டனார் இரண்டாம் உலக யுத்தத்தின்போது படையிலிருந்து விலகியபொழுது பெற்ற விடுகைப் பத்திரம். அதிலே பிழை இருந்தால் திருத்த வேண்டும் என்று எண்ணியவர்கள் மிகச் சிலரே. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1939ஆம் ஆண்டு செப்டெம்பரில் யுத்தம் மூண்டபொழுது, 1910இல் அமைக்கப்பட்ட இலங்கைப் பாதுகாப்புப் படை முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர் என எல்லா இனத்தவரும் அக்காலத்தில் படைகளிற் சேர்ந்தனர். பெரும்பாலோர் இத்தீவிலேயே காவல் புரிந்தனர். 1942 ஏப்பிரில் 5ஆந் திகதி கொழும்பிலும், 9ஆந் திகதி திருக்கோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, உள்நாட்டுச் சேவையும் போர்முகச் சேவையே என்பது தெளிவாயிற்று. நமது பலாலி விமானத்தளமும் அந்த யுத்த காலத்திலே பிரித்தானிய விமானப்படை அமைத்ததுதான்.

எனினும், சிலர் கடல் கடந்தும் சென்றனர். இலங்கைப் பீரங்கிப் படையினர் கொக்கோசுத் தீவுகளிலும் சீசெல்சுத் தீவுகளிலும் நிறுத்தப்பட்டனர். பயனியர் எனப்பட்ட தொழிற்படையிலே சேர்ந்த இலங்கையர் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்று உழைத்தனர். கடற் சேவைத் தொண்டர் படையினரோ 1943இல் பிரித்தானிய அரச கடற்படையின் ஓர் அங்கமாகவே ஆக்கப்பட்டனர். இவ்வாறு சென்று வந்தவருடைய விடுகைப் பத்திரத்தில், 'சேவை புரிந்த இடம் இலங்கை' என்று மாத்திரம் எழுதியிருந்தால், அது எப்படி நேர்ந்திருக்கும்?

முதலாவது காரணம், விடுகைப் பத்திரம் ஒரு சுருக்கமே. மூலப் பதிவேடு வேறு, அதைப் பார்த்து எழுதிய பத்திரம் வேறு. யுத்தம் முடிந்தவுடன் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில் எழுதுவினைஞர் ஒரு வரியை விட்டுவிடுதல் பெரிய அதிசயம் அன்று.

இரண்டாவது காரணம், பதக்கங்களைப் பற்றியது. யுத்தம் 1945இல் முடிந்தது. வீரர்கள் அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் விடுகை பெற்றனர். பதக்கங்களின் நாடாக்கள் சில, யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே அணியக் கொடுக்கப்பட்டன. பதக்கங்கள் அனுப்பப்பட்டதோ 1948 அளவில்தான். தரைப்படையினர் அவற்றைத் தாமே விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. ஆகவே, 1946இல் எழுதிய பத்திரத்திலே 1948இல் வந்த பதக்கத்தின் பெயரைத் தேடுவதில் பயனில்லை. விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாமலே காலங்கழித்தவர்களும் உண்டு.

மூன்றாவது காரணம் நம்முடைய பெயர் வழக்கு. சின்னத்தம்பியின் மகன் கந்தையா என்று ஒருவரைக் கொள்வோம். நம்மூரில் தகப்பன் பெயர் முன்னே வரும். ஆங்கில எழுதுவினைஞர் ஓரிடத்தில் கந்தையாவைக் குடும்பப் பெயராகவும், இன்னோரிடத்தில் சின்னத்தம்பியைக் குடும்பப் பெயராகவும் எழுதிவிடுவார். கந்தையா என்னும் பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். இவ்வாறு ஒரே மனிதர் இரண்டு கோவைகளில் இரண்டு மனிதராகிவிடுகிறார். இலங்கையிற் செய்த சேவை ஒருவருக்கும், எகிப்திற் செய்த சேவை மற்றவருக்கும் போய்ச் சேர்கிறது. படை இலக்கம் ஒன்றே இவ்விருவரையும் மீண்டும் ஒருவராக்க வல்லது. ஆதலின், பெட்டகத்துக் கடதாசியில் முதலிற் கவனிக்க வேண்டியது பெயரை அன்று, இலக்கத்தையே.

இனி, 'பாட்டனார் போய்ச் சேர்ந்துவிட்டார். இவ்வளவு காலத்துக்குப் பின் ஒரு வரியால் ஆகப்போவது என்ன?' என்று கேட்கலாம். அந்த யுத்தத்திற் பங்குபற்றியோரில் இன்று உயிருடன் இருப்பவர் மிக அரியர். ஆனால், அவர்களுட் சிலருடைய மனைவியர் இன்னும் இருக்கக்கூடும். 1921இல் தொடங்கப்பட்ட பொதுநலவாய முன்னாள் படைவீரர் சங்கம், சுதந்திரத்துக்கு முன் பிரித்தானிய முடியின் கீழ்ச் சேவை செய்த முதியோருக்கும் அவர்தம் விதவைகளுக்கும் உதவி செய்து வருவது. இத்தகைய உதவிகளைக் கேட்பவர் முதலில் காட்ட வேண்டியது சேவைப் பத்திரத்தைத்தான். விதவையொருத்திக்கு அந்த ஒரு வரி, மாதாந்தம் மருந்து வாங்கும் பணமாக அமையலாம்.

உதவி வேண்டாத குடும்பத்துக்கும் இது சிறிய விஷயம் அன்று. பாலைநிலத்து வெயிலிலே தெருப்போட்டும் மூட்டை சுமந்தும் பாடுபட்ட ஒருவர், ஊரை விட்டே போகவில்லை என்று பதிவேடு சொல்லுமாயின், அது அவருடைய உழைப்பை மறுப்பதாகும். யுத்த சரித்திரத்தில் யாழ்ப்பாணத்தவருக்குப் பங்கில்லை என்று நாளை ஒருவர் எழுதினால், அவருக்குச் சான்றாக நிற்பதும் நாம் திருத்தாமல் விட்ட இப்பத்திரங்களே.

திருத்துவது எவ்வாறு? முன்னே சொன்ன கந்தையாவையே எடுத்துக்கொள்வோம். அவர் தொழிற்படையிற் சேர்ந்து 1943 ஏப்பிரிலில் எகிப்திற் சென்று இறங்கினார் என வைத்துக்கொள்வோம். ஆபிரிக்க விண்மீன் என்னும் பதக்கம், 1940 யூன் 10 முதல் 1943 மே 12 வரையுள்ள காலத்தில், சூயெசுக் கால்வாய் முதல் கிபுறொல்டர் வரையுள்ள வட ஆபிரிக்கப் பகுதியிற் சேவை செய்தோருக்கு உரியது. அவர் ஏப்பிரிலில் இறங்கினாராயின் அதைக் கேட்கலாம். கப்பல் தாமதித்து யூனில் இறங்கினாராயின் கேட்க முடியாது. ஆனால், 28 நாள் முழுநேரச் சேவை செய்தோர்க்கெல்லாம், எங்கே செய்திருந்தாலும், யுத்தப் பதக்கம் உண்டு. இங்கே ஒரு திகதியே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஆகவே, 'வெளிநாடு போனார்' என்று பொதுவாக எழுதுவதிற் பயனில்லை. எந்தத் துறைமுகம், எந்த நாள், எந்தப் படைப்பிரிவு என்று காட்ட வேண்டும்.

இதற்கு முதற்படி, மூலப் பதிவேட்டின் பிரதியைப் பெறுதல். காணி வழக்கிலே தோம்பு எப்படியோ, படைவீரர் விஷயத்தில் மூலக் கோவை அப்படி. பிரித்தானியத் தரைப்படைக் கோவைகளில் பி 103 என்னும் படிவத்திலே, வீரர் கப்பலேறிய நாளும் கரையிறங்கிய நாளும் பதியப்பட்டன. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பிலிருந்த யுத்தகாலக் கோவைகள், 2022 முதல் இலண்டன் மாநகரத்தில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. உள்நாட்டுப் படைப்பிரிவைச் சேர்ந்தவராயின், இங்குள்ள பாதுகாப்பு அமைச்சிலும் முன்னாள் படைவீரர் சங்கத்திலும் விசாரிக்கலாம். ஒன்றை மறக்கலாகாது. இன்றைய தரைப்படை 1949 ஒக்டோபர் 10ஆந் திகதி அமைக்கப்பட்டது. கடற்படை 1950இல் அமைக்கப்பட்டது. யுத்தகாலப் பத்திரங்களை வழங்கியவை அவற்றுக்கு முந்திய படைகளே. கடிதத்தில் அப்பழைய படையின் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும்.

இரண்டாம் படி, மூலத்தையும் விடுகைப் பத்திரத்தையும் வரிவரியாக ஒப்புநோக்குதல். மூலத்தில் உள்ளது பத்திரத்தில் இல்லையாயின் வேலை எளிது. மூலத்திலேயே இல்லையாயின் வேறு சான்றுகள் தேவை. சம்பளப் புத்தகம், தணிக்கை முத்திரை குத்திய கடித உறை, படைப்பிரிவின் பெயருடன் எடுத்த நிழற்படம் ஆகியவை உதவும். பதக்கம் மட்டும் கையில் இருந்தாற் போதாது. அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தம் வீரரின் பெயரை அந்த விண்மீன்களிற் பொறித்துக் கொடுத்தன. பிரித்தானியா வழங்கியவற்றிலோ பெயர் பொறிக்கப்படவில்லை. பெயரில்லாத பதக்கம் எவருடையது என்பதைக் கடதாசிதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி, விண்ணப்பம். பத்திரத்தில் இப்போது உள்ளது இது. இருக்க வேண்டியது இது. அதற்குச் சான்று இது என்று மூன்றே பந்தியில் எழுதுக. பெயர் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகளையும் இணைத்துவிடுக. மூலப் பத்திரங்களை ஒருபோதும் தபாலில் அனுப்பற்க. பதக்கம் பெறாமலே இறந்த வீரருக்காக, அவருடைய சட்டப்படியான நெருங்கிய உரித்தாளர் பிரித்தானியப் பதக்கக் காரியாலயத்துக்கு விண்ணப்பிக்கவும் இடமுண்டு.

'யுத்தத்திலும் இடப்பெயர்விலும் எல்லாக் கடதாசியும் போய்விட்டனவே' என்று பலர் சொல்லக் கேட்கிறோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாம மக்கள் கைக்கெட்டியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்குப் புறப்பட்டதையும் கண்டவர்கள் நாம். கடதாசி அழிவது இன்னதென்று நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 1973 யூலை 12ஆந் திகதி செயின்ற் லூயிஸ் நகரிலுள்ள ஆவணநிலையத்தில் தீப்பற்றி, ஏறத்தாழ 160 முதல் 180 இலட்சம் வரையிலான படைவீரர் கோவைகள் எரிந்து போயின. அதனால் அவ்வீரர்களுடைய உரிமை எரிந்துவிடவில்லை. சம்பளப் பற்றுச்சீட்டுகள், படைப்பிரிவுகளின் நாளாந்த அறிக்கைகள், வைத்தியசாலைக் குறிப்புகள் என்பவற்றைக் கொண்டு சேவை வரலாறுகளை மீண்டும் கட்டியெழுப்பினார்கள். அந்நாட்டிலே பிழை திருத்துவதற்கென்றே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தனிச் சபைகள் அமைந்தன. விடுகைப் பத்திரத்திற் சிறு பிழை காணப்பட்டால், பழையதை அழிக்காமல், நம்முடைய திருத்த உறுதி போன்ற ஒரு பத்திரத்தை அதனுடன் சேர்ப்பார்கள். வீட்டுப் பிரதி அழிந்தாலும் அரசாங்கத்தின் கோவை எங்கேனும் இருக்கலாம். அதுவும் அழிந்தாலும் அதன் சுவடு வேறு கோவைகளில் இருக்கலாம் என்பதே நாம் பெறும் பாடம்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. திருத்தம் என்பது உண்மையை நேராக்குவது. புகழைக் கூட்டுவது அன்று. கொக்கோசுத் தீவிலே 1942 மே 8ஆந் திகதி இரவு இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கலகம் செய்தனர். அதற்காக மூவர் தூக்கிலிடப்பட்டனர். அதே தீவில் கடமை தவறாது நின்றவர்களும் இருந்தார்கள். மூலக் கோவையைத் திறப்பவர் இரண்டில் எதைக் காணவும் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். பாட்டனார் சொல்லிய கதையிலே ஒரு பங்கு கோவையில் இல்லாமலும் போகலாம். அவர் சொல்லாமல் மறைத்த துன்பம் அங்கே இருக்கவும் கூடும். இல்லாத விண்மீனைக் கடையில் வாங்கிச் சட்டகத்தில் மாட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உரியதைக் கேட்போம், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

காணியின் எல்லைக்காக ஓல்லாந்தர் தோம்பு வரை செல்லத் தயங்காத நாம், ஒரு மனிதருடைய உழைப்பின் எல்லையை அறிய அவருடைய மூலக் கோவை வரை செல்லத் தயங்கலாமா? இந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலுள்ள பழைய பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். அத்தகைய கடதாசி அகப்பட்டால், முதலில் அந்தப் படை இலக்கத்தை வேறொரு தாளிற் குறித்து வையுங்கள். சாட்சி சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதையும் திகதியிட்டு எழுதி வையுங்கள். கடதாசி இன்னும் சில காலம் தாங்கலாம். அவருடைய ஞாபகம் அதுவரை காத்திராது.