பத்திரிகைத் தொழிலும் பல்கலைக்கழகப் படிப்பும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்திரிகைத் தொழிலை நாடும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் எவ்வழியே செல்லுதல் தக்கது என்பது நாம் இன்று பேசப் புகுந்த பொருள். இப்பொருளை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு வந்துள்ள விண்ணப்பங்களில் இத்தொழிலை விரும்பும் பிள்ளைகளின் விண்ணப்பமும் உளது. அதனை ஏற்பதா மறுப்பதா என்பதை நிதிக் குழுவினர் இனித்தான் முடிவு செய்ய வேண்டும். "எஞ்சினீயரிங், மருத்துவம் என்றால் கொடுக்கலாம், எழுதிப் பிழைக்கப் போகிறவனுக்கு நிதி எதற்கு?" எனப் பெரியோர் சிலர் வினவுகின்றனர். அவ்வினா தள்ளத்தக்கதன்று. பிள்ளையின் இளமையும் பெற்றோர் பொருளும் வீணாகிவிடுமோ என்னும் கவலையே அதற்கு அடிப்படை. அக்கவலைக்கு விடை காண முயல்வோம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். மருத்துவம் செய்வோர் மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். வழக்குரைப்போர் சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞர் மன்றத்திற் பதிவு பெறல் வேண்டும். பத்திரிகையாளர்க்கோ நம் நாட்டுச் சட்டம் எந்தப் பட்டத்தையும் கட்டாயமாக்கவில்லை. ஆதலின், "எந்தப் பட்டம் படித்தால் பத்திரிகையாளர் ஆகலாம்?" என்று கேட்பதிற் பயனில்லை. "மூன்றாண்டு கழித்துக் கல்லூரியை விட்டு வெளிவருங்கால் இப்பிள்ளை எதனை அறிந்திருப்பான், எதனை எழுத வல்லனாவான்?" என்று கேட்டலே முறை.

முன்னோர் வரலாறும் இதனையே காட்டும். 1878ஆம் ஆண்டில் 'இந்து' பத்திரிகையைத் தொடங்கிய அறுவருள் இருவர் ஆசிரியர், நால்வர் சட்டம் பயின்ற மாணவர். அவ்வாசிரியருள் ஒருவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882இல் 'சுதேசமித்திரன்' கண்டவர். பாரதியார் 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில திங்கள் தமிழாசிரியராயிருந்து, அவ்வாண்டிலேயே சுதேசமித்திரன் அலுவலகத்திற் புகுந்தார். அங்கு அவர்க்கு இடப்பட்ட பணிகளுள் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குதல் முதன்மையானது. திரு. வி. கலியாணசுந்தரனார் வெஸ்லி பள்ளியின் தமிழாசிரியர் பணியை விடுத்து 1917இல் 'தேசபக்த'னுக்கு ஆசிரியரானார். இவர்களுள் எவரும் இதழியற் கல்லூரி கண்டவரல்லர். மொழியும் உலகறிவுமே அவர்தம் முதல்.

அங்ஙனமாயின் இத்தொழிற்குப் பயிற்சியே வேண்டாவோ எனின், வேண்டும். அக்காலத்தில் அச்சுக்கூடமும் ஆசிரியர் அறையுமே பள்ளியாயின. இக்காலத்தில் புதிதாக வருவோரை ஆண்டுக்கணக்கில் அருகிருத்திக் கற்பிக்கும் பொறுமை பல அலுவலகங்களில் இல்லை. இப்பயிற்சியைப் பல்கலைக்கழகத்துட் கொணர முனைந்தோர் கருத்தும் ஈண்டு அறியத்தக்கது. அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டில் இதழியற் பள்ளி தொடங்கியது. அதன் முதல் தலைவர் வால்ட்டர் வில்லியம்ஸ் தாம் கல்லூரிப் படிப்பே இல்லாதவர். மாணவரே ஊர்ப் பத்திரிகை ஒன்றை நடத்திப் பழகுதல் அப்பள்ளியின் முறை. ஜோசப் புலிட்சர் அளித்த பெருநிதியால் 1912இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மற்றொரு பள்ளி எழுந்தது. இதழாளன் வரலாறு, சட்டம், பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றைப் பயிலல் வேண்டும் என்பது புலிட்சரின் எண்ணம். 1935 முதல் அப்பள்ளி, முன்னரே ஒரு பட்டம் பெற்றவர்க்கு மட்டுமே உரியதாயிற்று. நம் நாட்டில் 1941இல் லாகூரிலும், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியற் கல்வி தொடங்கியது.

இன்று நம் பிள்ளைகள் முன் மூன்று வழிகள் உள. பள்ளி முடித்ததும் மூன்றாண்டு இதழியற் பட்டம் பயிலல் ஒன்று. விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் மற்றொன்று. பொருளியல், வரலாறு, சட்டம், வேளாண்மை, அறிவியல் போன்ற ஏதேனும் ஒரு துறையிற் பட்டம் பெற்று, அதன்பின் ஓராண்டோ ஈராண்டோ இதழியல் பயிலல் மூன்றாவது. இவற்றுள் விஸ்காம் படிப்பைப் பற்றி ஒரு சொல். திரைப்படம், விளம்பரம், புகைப்படம் ஆகியவற்றை நாடுவோர்க்கு அது பொருந்தும். பெரும்பாலும் செய்தி எழுதப் பழக்குவதற்கென்று அமைந்ததன்று. பெயர் மயக்கத்தால் அதிற் சேர்ந்து பின் வருந்தும் பிள்ளைகளைப் பள்ளி ஆசிரியராகிய நாம் கண்டிருக்கின்றோம்.

மூன்றாம் வழியே பலர்க்குச் சிறந்தது என்பது நம் துணிபு. காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டி.எம்.சி. என்பது தேங்கி நிற்கும் நீரின் அளவு. நூறு கோடி கன அடி கொண்டது. நாளிதழ்களில் "இத்தனை கன அடி திறப்பு" என வருவதோ, ஒரு விநாடியில் ஓடும் நீரின் அளவு. விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் திறந்துவிட்டால் ஒரு டி.எம்.சி. செலவாகும். இக்கணக்கை அறிந்தவன், உள்ள நீர் எத்தனை நாளைக்குப் பற்றும் என்று உழவர்க்குச் சொல்ல வல்லன். அறியாதவன் அதிகாரிகள் கொடுத்த தாளைப் படியெடுத்து அனுப்புவான். படியெடுக்கும் வேலையை இப்போது கணிப்பொறியே விரைந்து செய்கின்றது. ஆதலின், எழுத்தின் வடிவத்தை மட்டும் கற்றவன் நிலை இனித் தளர்வுறும்; ஒரு பொருளை ஆழ அறிந்தவனுக்கே மதிப்பு உண்டாகும்.

இதழியற் பட்டம் வீண் என்று நாம் கூறினோமல்லோம். நல்ல கல்லூரியாயின் அதுவும் நன்றே. அதனைச் சோதித்தறிய வேண்டியவர் பெற்றோர். கட்டடத்தையும் கருவிகளையும் கண்டு மயங்காமல் இவற்றைக் கேளுங்கள்: மாணவர் தாமே நடத்தும் பத்திரிகை உண்டா? கிழமைக்கு எத்தனை செய்தி எழுதுகின்றனர்? அவற்றைத் திருத்திக் கொடுப்பார் யார்; அவர் செய்தித் துறையிற் பணியாற்றியவரா? சட்டம் கற்பிக்கின்றனரா? சென்ற ஆண்டு முடித்தவர் இப்போது எங்கே உளர்? இறுதி வினாவுக்குக் கல்லூரியார் விடையை மட்டும் நம்பாது, அம்மாணவருள் இருவரையேனும் நேரிற் கண்டு பேசுதல் நலம்.

சட்டத்தைத் தனியே எடுத்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவர் வேறு. இவ்வேறுபாட்டை மறந்து ஒரு சொல் எழுதினால் ஒரு குடும்பத்தின் மானம் போகும். அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதையின் 356ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம். மற்றொரு புறம், 2005ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டம், 10 ரூபாய்க் கட்டணத்தில் அரசினிடம் கேள்வி கேட்கவும், 30 நாளில் விடை பெறவும் வழி செய்துள்ளது. அஞ்ச வேண்டியதும் துணிய வேண்டியதும் எவை என இவ்விரண்டும் கற்பிக்கும்.

மொழியைப் பற்றி: தமிழ்வழிப் பயின்ற பிள்ளைகள் தாழ்வு எண்ணற்க. பிழையற்ற எளிய தமிழ் எழுதுவோரைத் தேடும் அலுவலகங்கள் உள. ஆயினும் ஆங்கிலத்தைப் படித்துணரும் திறனும் இன்றியமையாதது. நாள்தோறும் ஓர் ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதிப் பழகுதல், கட்டணமில்லாப் பயிற்சி.

பெண்மக்களை இத்தொழிற்கு அனுப்பத் தாய்மார் சிலர் தயங்குகின்றனர். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925ஆம் ஆண்டிலேயே 'ஜகன்மோகினி'யின் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு நடத்தினார். இரவுப் பணிக்குரிய ஊர்தி வசதியும் பாதுகாப்பும் உண்டா என்று நிறுவனத்தாரைக் கேட்பது பெற்றோர் உரிமை. கேட்டறிந்து அனுப்புங்கள், கேளாமலே தடுக்கற்க.

இனி, நிதிக் குழுவினர்க்கு இரண்டு விண்ணப்பங்கள்.

இத்தொழிலில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் சிறிதே. பெருங்கடன் பட்டுப் படித்தவன் முதல் ஆண்டிலேயே தவணைக்கு அஞ்சி நிற்பான். செய்தியாளர் கூட்டங்களில் உறையிலிட்டுக் கொடுக்கும் பணத்தை, "கவர்" என்பர் அத்தொழிலார், அவன் எங்ஙனம் மறுப்பான்? கடனற்றவனே கைநீட்டாது நிற்றல் எளிது. ஆதலின், பிற படிப்புக்கு உதவுதலினும் இப்படிப்புக்கு உதவுதலே ஒருவாற்றான் இன்றியமையாதது. முதற் பட்டத்தை அருகிலுள்ள அரசுக் கல்லூரியிற் குறைந்த செலவில் முடிக்கச் செய்து, அதன்பின் வரும் இதழியற் பயிற்சிக்கு நிதியைச் சேமித்து வழங்குதல் சிக்கனமான வழியாகும்.

இரண்டாவது விண்ணப்பம் சற்றுக் கசப்பானது. "நம் பையன் ஒருவன் பத்திரிகையில் இருந்தால் நம் சங்கச் செய்தி வரும், நமக்கு எதிரானது வராது" என்னும் எண்ணத்தோடு எவரும் இந்நிதியை வழங்க வேண்டா. அவ்வெண்ணத்தோடு கொடுப்பின் அதுவும் ஓர் உறையே. நம் சங்கத்துக் கணக்கிற் பிழை இருப்பினும் அதனைக் கேட்டு எழுதும் பிள்ளையை நாம் உருவாக்கினோமாயின், அதுவே நம் நிதியின் பெருமை. அத்தகைய பிள்ளை எழுதும் நல்ல சொல்லைத்தான் பிறரும் நம்புவர். இதற்கு உடன்பட்டுக் கொடுங்கள். இயலாதெனின் கொடாதிருத்தலே நேர்மை.

மாணவச் செல்வங்களே, நுமக்கும் ஒரு சொல். இன்று இரவே ஒரு செய்தியைத் தேர்ந்து, அதில் விடுபட்ட மூன்று வினாக்களை எழுதிப் பாருங்கள். ஒரு திங்கள் அவ்வாறு செய்தும் சலிப்புத் தோன்றவில்லையாயின் பெற்றோரிடம் பேசுங்கள். ஐயம் உளதேல், ஞாயிறுதோறும் மாலையில் சங்கப் படிப்பகத்தில் நாம் இருப்போம், குறிப்பேட்டுடன் வருக.