கூட்டு வேலையும் தனிப் பிள்ளையின் தகுதியும்
(ஜவளகிரியில் பெற்றோர்கள் முன் பேசியதன் சாரம்)



பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை நாலைந்து பேராகச் சேர்த்து வேலை செய்யச் சொல்லுகிறார்கள். சேர்ந்து உட்காருவதே பாவமென்றிருந்த நாட்டில் இது சாதாரண சங்கதியல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் துவங்கி, 2007-08-ல் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை எல்லாப் பிள்ளைகளையும் குழுக்களாகத் தரையில் உட்கார வைத்தது. நல்ல காரியமே. ஆனால் நாம் கேட்பதெல்லாம், அக்குழுவுக்குள் உங்கள் பிள்ளை என்ன செய்தது என்பதை யார் கண்டார்கள் என்பதுதான்.

தேர் நிலைக்கு வந்ததும் வடத்தைத் தொட்டவனெல்லாம் "நான் இழுத்தேன்" என்கிறான். மூச்சைப் பிடித்து இழுத்தவன் யார், கையை மட்டும் வைத்திருந்தவன் யார் என்பது தேருக்கும் தெரியாது. மேலே இருக்கும் சாமிக்கும் தெரியாது. பிரான்சு தேசத்து ரிங்கல்மான் என்பவர் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து பார்த்து, ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் இழுக்கும் பலமும் குறைகிறதென்று 1913-ல் வெளியிட்டார். ஆகவே குழு முழுமைக்கும் ஒரே மார்க்குப் போடுவது தேருக்கு மார்க்குப் போடுவதேயாகும்.

சரி, தனித்தனியே பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது? சத்தமாய்ப் பேசுகிறவனே கெட்டிக்காரன் என்றால், இந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வந்து, வகுப்பில் தமிழ் வராமல் விழிக்கும் பிள்ளையின் கதி என்ன? பெண் பிள்ளை எழுதிக் கொடுப்பதும், ஆண் பிள்ளை எழுந்து நின்று படிப்பதும், "கீழ்ஜாதி" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை குப்பை பெருக்குவதும் வேலைப் பங்கீடா? ஊரின் அக்கிரமத்தை வகுப்புக்குள் கொண்டுவந்ததல்லவா?

2015-ல் 52 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பிஸா பரீட்சையில் இத்திறமையைச் சோதித்தார்கள். ஒருவர் குறை மற்றவர்மேல் விழாதபடி, கம்ப்யூட்டரையே கூட்டாளியாகப் பேச வைத்தார்கள். எல்லா இடத்திலும் பெண் பிள்ளைகளே மேலாக வந்தார்கள். பெண்ணுக்குப் புத்தி மட்டு என்பவர்கள் இதற்கென்ன சமாதானம் சொல்லுவார்கள்?

நமக்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. உபாத்தியாயர் ஒரு நாளைக்கு ஒரு குழுவைக் கவனிக்கட்டும். பிறர் சொல்லைக் கேட்கிறதா, காரணம் கேட்கிறதா, நியாயம் கண்டால் தன் அபிப்பிராயத்தை மாற்றுகிறதா, சும்மா இருக்கும் பிள்ளையைப் பேச அழைக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்டதைக் கண்டபடி குறிக்கட்டும். வேலைகளை முறைவைத்து மாற்றட்டும். முடிவில் "நான் செய்தது இது, எனக்கு உதவியவர் இன்னார்" என்று ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வரும் பாஷையில் சொல்லட்டும். ஒரு நாள் கண்டதை வைத்துத் தீர்ப்புக் கூற வேண்டாம். பல நாள், பல குழுவில் பார்க்கட்டும்.

தோழர்களே! இனிப் பள்ளிக்கூடம் போனால், "எத்தனை மார்க்கு?" என்பதோடு நில்லாமல், "என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைச் சமமாய் நடத்துகிறதா? அதை மற்றவர்கள் சமமாய் நடத்துகிறார்களா?" என்றும் கேளுங்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் செய்யுங்கள்.