களையெடுப்பும் ஊர்ப்பணியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சங்க மேடையில் தமிழின் தொன்மையையும் இலக்கியச் சுவையையும் எடுத்துரைப்பது மரபு. யான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பூண்டு. வியப்புற வேண்டா. வள்ளுவப் பெருந்தகை உழவின் மேன்மையை ஓதுமிடத்து, ஏரும் எருவும் நீரும் காவலும் கூறியதோடு களையெடுப்பையும் மறவாது கூறினார். ஆதலின் இப்பொருள் இம்மேடைக்குப் புறம்பானதன்று.

நம் ஊர்ப் பூங்காவிலும், பள்ளி மைதானங்களின் ஓரத்திலும், இருப்புப் பாதையின் இரு மருங்கிலும் மழை பெய்த சில நாட்களில் ஒரு செடி தழைத்தெழுவதை யாவரும் கண்டிருப்பீர்கள். இலை காரட் இலையைப் போன்றது. பூ சிறியது, வெண்மையானது. தாவர நூலார் இதனைப் பார்த்தீனியம் என்பர். நம் கன்னடச் சகோதரர்கள் காங்கிரஸ் ஹுல்லு என்பர்.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. நம் நாட்டில் இது பெருகி வருவது 1955ஆம் ஆண்டையொட்டிப் புனே நகரில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு கலந்து வந்தது என்பது பலர் கருத்து. அதற்கு முன்னரே இங்கிருந்தது என்பாரும் உளர். எவ்வாறு வந்திருப்பினும், பரவியதில் போக்குவரத்துக்குப் பெரும் பங்குண்டு. லாரிச் சக்கரத்து மண்ணிலும், சரக்கு வண்டித் தானியத்திலும், வெள்ளத்திலும் இதன் நுண்விதை ஊர்விட்டு ஊர் சென்றது. இரயில்வேயில் பணிபுரிபவன் என்ற முறையில், பயணச்சீட்டில்லாமல் இத்துணைத் தொலைவு சென்ற பயணி வேறொருவர் இலர் என்றே சொல்வேன்!

முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் இது பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேலும் உதிர்க்கும். அவ்விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். செடியிலுள்ள பார்த்தீனின் என்னும் நச்சுப்பொருள் தோலிற்பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். மகரந்தம் மூக்கிற் புகுந்தால் தும்மலும் மூச்சுத்திணறலும் தோன்றும். கர்நாடக அரசு 1975லேயே இதனைத் தீங்கு பயக்கும் களையென்று சட்டப்படி அறிவித்தது. ஆனால், சட்டம் தானாக வந்து செடியைப் பிடுங்குவதில்லை.

இதில் நமக்கென்று ஒரு தனிக் கவலையும் உண்டு. பூங்காவில் மாலை வேளையில் அமர்ந்திருப்போர் யாவர்? நிலத்தின் கீழ் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்ற சுரங்கங்களில் உழைத்த பெரியவர்கள். பாறைத் தூசி படிந்து நுரையீரல் நலிந்தவர்கள் அவர்களுள் பலர். தங்கத்தை உலகுக்கும் தூசியைத் தமக்கும் எடுத்துக்கொண்ட அப்பெரியோர், எஞ்சிய நாட்களில் விரும்புவது சற்றே நல்ல காற்று. அதனையும் ஒரு பூண்டுக்கு விட்டுக்கொடுக்கலாமா?

பாரத் தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் மூடப்பட்டது. அதன்பின் நம்மவர் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டியபின் வீடு திரும்புகின்றனர். உறங்குமிடமாகவே ஊர் ஆகிவிட்டால், பூங்காவைப் பற்றிக் கவலைப்படுவார் யார்? “அது நகரசபையின் வேலை” என்போம். அவர்கள் கடமை அவர்களுக்குண்டு. அதனைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்குண்டு. ஆயினும் உரிமையைக் கேட்கும் கை, ஒரு செடியையும் பிடுங்கினால் அக்குரலுக்கு வலிமை மிகும்.

“வெளியிலிருந்து வந்த செடியைக் களைக என்கிறீரே, நம் பாட்டன்மாரும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தேறியவர்கள்தாமே?” என்று ஒரு நண்பர் என்னை வினவினார். சிந்திக்கத் தக்க வினா. நம் சமையலிலுள்ள மிளகாயும், கொல்லையிலுள்ள பப்பாளியும், நிலக்கடலையும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. அவற்றை யாரும் களையென்று வெறுப்பதில்லை. வந்தது குற்றமன்று, பிறவற்றை வாழவிடாமையே குற்றம். பார்த்தீனியம் தன் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கசியும் பொருளால் அயற்செடியை முளைக்கவொட்டாது தடுக்கின்றது. நம் முன்னோரோ இம்மண்ணைத் தோண்டி, ஊரைக் கட்டி, கன்னடரோடும் தெலுங்கரோடும் உறவு கலந்து வாழ்ந்தனர். அவ்வுறவுக்குப் பொருந்துவது ஊர்ப்பணியே.

இத்தகைய பணிக்குப் பிறநாட்டில் ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்னும் சகோதரிகள் இருவர், 1960களில் தம் இல்லத்தருகே இருந்த ஆஷ்டன் பூங்காவில் நாள்தோறும் உலவுங்கால் களைகளைக் கையாலேயே பிடுங்கி வந்தனர். அவர்கள் கண்ட விதிகள் மூன்று. களை மண்டிய இடத்தில் தொடங்காது, நல்ல செடிகள் நிறைந்த இடத்தில் தொடங்கிப் படிப்படியாக வெளியே செல்லுதல் ஒன்று. மண்ணை மிகக் கிளறாது, பெயர்ந்த சருகை மீண்டும் மூடுதல் இரண்டு. நாட்டுச் செடி மீண்டும் தழைக்கும் வேகத்துக்கு மேல் விரையாதிருத்தல் மூன்று. ஆளும் பொறியும் கொண்டு ஒரே நாளில் வெட்டியெறிந்த இடத்தில் களையே முந்தி முளைப்பதைக் கண்டு அவர்கள் தேர்ந்த முடிவு இது. பின்னாளில் அம்முறை அவர்கள் பெயராலேயே வழங்கலாயிற்று.

நாமும் இதனைப் பின்பற்றலாம். நகரசபையின் இசைவைப் பெற்று, மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கும்போது, பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். அறுத்து விட்டால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இன்றியமையாதன. தோல் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் களத்துக்கு வரலாகாது, சிறுவரும் பிடுங்கலாகாது. அவர்கள் நாற்றும் நீரும் தரட்டும். பூக்காத செடியை எருக்குழியிலிடலாம். பூத்ததை உதறாது மூட்டையில் கட்டி அகற்றல் வேண்டும்.

இலையைச் சல்லடையாக்கும் சிறு வண்டுகளைக் கண்டால் அவற்றைக் கொல்லாதீர்கள். மெக்சிகோவிலிருந்து கொணர்ந்து, ஆராய்ந்து, 1984இல் பெங்களூரில் விடுவிக்கப்பட்ட வண்டினம் அது. மழைக்காலத்தில் நமக்கு முன்னரே பணிக்கு வந்துவிடும் தொண்டர் அவர்! வெறுமையான இடத்தில் ஆவாரையும் தகரையும் துலுக்கச் சாமந்தியும் வளர்த்தால் களை மீளாது.

ஆகஸ்டு 16 முதல் 22 வரை நாடெங்கும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கொண்டாடப்படுகின்றது. ஒரு வாரத்தோடு இப்பணி முடிவதன்று. விதை மண்ணில் உள்ளவரை நாமும் களத்தில் இருத்தல் வேண்டும். பெங்களூர் செல்வோர்க்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றே. அதில் இரண்டு மணி நேரம் கேட்பது சிறிதன்று என்பதை அறிவேன். ஆயினும் திங்களுக்கு ஒருமுறையேனும் தாரீர். ஒரு சிறு பாத்தியில் தொடங்குவோம். அதனை விடாது காப்போம். அடுத்த பாத்திக்குச் செல்வோம். அடுத்த ஆண்டு விழாவில் இச்சங்கம் தன் அறிக்கையில், எத்தனை கூட்டம் நடத்தினோம் என்பதோடு எத்தனை பாத்தி மீட்டோம் என்றும் எழுதட்டும்.