ஆகாய வழியும் கடிகாரக் கணக்கும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் காலை 6 மணிக்குத் தொலைபேசி மணி ஒலிக்கிறது. சென்னையில் இருக்கும் அத்தை காலமாகிவிட்டார். “எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்? அதைச் சொன்னால்தான் எப்போது எடுப்பது என்று முடிவு செய்யலாம்” என்று கேட்கிறார்கள். பாஸ்போர்ட், விசா எல்லாம் தயாராக இருப்பதாகவும், பிற்பகல் 3 மணி விமானத்தில் இடம் கிடைத்ததாகவும் வைத்துக்கொள்வோம். என்ன பதில் சொல்வது?

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஆகாய வழி சுமார் 2,600 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வரை பறந்தாலும், ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊர்ந்து செல்லவும் நேரம் பிடிக்கும். ஆகவே பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

ஆனால் பயணச் சீட்டைப் பாருங்கள். புறப்பாடு 3 மணி, சேருவது 4.30 என்றிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் போய்விட முடியுமா? முடியாது. சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே அச்சிடுகிறார்கள். இந்தியக் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. தீபகற்ப மலேசியாவோ, 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி, 120 பாகை நேரத்துக்கு வந்தது. பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே இரு நாட்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை மணி. திரும்பி வரும்போது இதே பயணம் சீட்டில் ஆறரை மணி நேரமாகத் தோன்றும்.

இனி வீட்டுக் கணக்கைப் போடுவோம். தோட்டத்திலிருந்து தாப்பா மலைப்பாதை வழியாகச் சிப்பாங் விமான நிலையம் சுமார் 260 கிலோமீட்டர். வளைவுகள் நிறைந்த பாதை. ஐந்து மணி நேரமாவது வேண்டும். ஆகாயத்தில் இதைப்போல் பத்து மடங்கு தூரத்தை நான்கு மணியில் கடக்கிறோம்! காலை 7 மணிக்குப் புறப்பட்டால் நண்பகல் 12. மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருப்பது நல்லது. 3 மணிக்கு ஏறினால், நம் கடிகாரத்தில் இரவு 7 மணிக்கு இறங்குவோம். சோதனைகள் முடிந்து வீடு சேர மேலும் ஒன்றரை மணி, ஆக 8.30.

இங்கேதான் கவனம் வேண்டும். “இரவு எட்டரைக்கு வருவோம்” என்று சொன்னால், “இருட்டிவிடுமே” என்று அவர்கள் நமக்காகக் காத்திராமல் காரியத்தை முடித்துவிடக்கூடும். அங்கே அப்போது மாலை 6 மணிதான். “உங்கள் நேரப்படி ஆறு மணி” என்று சொன்னால், அத்தையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம்.

நம் பாட்டன்மார் ‘ரஜூலா’ கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்து வந்தவர்கள். ஊரில் இழவு என்றால், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே அழுது தீர்த்தார்கள். அவர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கிறது. அரை நிமிடக் கணக்குப் பிழையால் அதை இழக்க வேண்டாம்.