அரசு நிலம்: விற்பதற்கு முன் கேட்க வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

அரசிடம் தேவைக்கு மிஞ்சிக் கிடக்கும் நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் ஊரைச் சீரமைக்கலாம் என்ற பேச்சு சில ஆண்டுகளாக அடிபடுகிறது. பொதுத்துறை நிறுவனங்களின் உபரி நிலத்தையும் கட்டடங்களையும் பணமாக்க, 2022 மார்ச்சில் ஒரு தனிக் கழகத்துக்கே மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முள் மண்டிய நிலம் பயன்பட்டால் நல்லதுதான். ஆனால் விற்ற பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மும்பையில் பழைய பஞ்சாலை நிலங்களுக்கு 1991இல் ஒரு விதி வந்தது. மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்கு, ஒரு பங்கு எளியவர்களின் வீடுகளுக்கு, மீதி ஆலைக்கு. 2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். காலியாகக் கிடக்கும் இடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றானது. ஆலைக் கட்டடங்கள் நின்ற இடம் கணக்கிலிருந்து போய்விட்டது. 2005இல் மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகம் ஐந்து ஆலை நிலங்களைச் சுமார் 2,020 கோடி ரூபாய்க்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் 2006இல் விற்பனை நிலைத்தது. இன்று அந்தப் பகுதியில் வானுயர்ந்த கட்டடங்கள். வீடு கேட்ட ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் பல இன்னும் காத்திருக்கின்றன.

சென்னைக் கிண்டியில் நடந்தது வேறு. குதிரைப் பந்தய மைதானத்தின் சுமார் 160 ஏக்கரை அரசு விற்கவில்லை. 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தது. ஆண்டு வாடகை வெறும் 614 ரூபாய்! பாக்கி 730 கோடிக்கு மேல் என்று வழக்கு நடந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது. அதில் 118 ஏக்கரில் பூங்கா அமைக்க முடிவாயிற்று. விற்றிருந்தால் இது நடந்திருக்குமா?

வக்ஃபு சொத்தில் நமக்குத் தெரிந்த பாடம்தான் இது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதை விற்பதைத் தடுத்தது. குத்தகைக்கு விட வழி வைத்தது. வருமானமும் வரும், சொத்தும் நிற்கும்.

கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். மேய்க்கால், களம், மந்தைவெளி என்று கிடக்கும் புறம்போக்குதான் நாளை அங்கன்வாடிக்கும், பள்ளிக்கூடத்துக்கும், வீடற்றவர்களின் மனைக்கும் இடம். ஊர் வளர வளரத் தேவையும் வளரும். அன்று விலை கொடுத்து வாங்க நம்மால் ஆகுமா?

எனவே அரசு நிலம் எதுவும் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் மூன்று கேள்விகள் கேட்போம். குத்தகையாகக் கொடுக்க முடியாதா? பொதுப் பயனுக்கு எத்தனை சென்ட் ஒதுக்கப்படும், அது எழுத்தில் இருக்கிறதா? அங்கே குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் எது? நிலத்தின் வகைப்பாட்டை 'அ' பதிவேட்டில் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் விவரம் கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பொது நிலத்தைக் காக்கக் கேட்கும் நாம், வேலியை ஓர் அடிகூடத் தள்ளிப் போடக் கூடாது. அது எல்லா சமுதாயத்துக்கும் உரிய அமானிதம். அதைப் பேணும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. வஸ்ஸலாம்.