காற்று வருமுன்



பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் உருவாகாது என்று பாடம் படித்தவர்கள்தாம் நாம். ஆனால் 2001 டிசம்பரில் 'வாமெய்' புயல் ரேகைக்கு வடக்கே சுமார் 1.5 பாகையில் உருவாகி, 27-ஆம் தேதி நமக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், ஜொகூரில் கரையேறியது. அங்கே வெள்ளம், உயிர்ச்சேதமும் உண்டு.

அது எப்போதோ வருவது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அடிக்கடி வருவது 'சுமத்ரா' காற்று. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து, பெரும்பாலும் விடியுமுன் வந்து நிற்கும். சில சமயம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்! ஈசூன் அடுக்குமாடிகளில் வெள்ளத்தைவிட, மேலேயிருந்து விழுவதற்குத்தான் பயப்பட வேண்டும். பத்தாம் மாடிச் சுவர்மேல் இருக்கும் துளசித் தொட்டி விழுந்தால், கீழே பள்ளிக்குப் போகிற பிள்ளை என்னாவது? துளசி கோபித்துக்கொள்ளாது; தொட்டியைத் தரையில் இறக்கிவையுங்கள். துணி காயும் கழிகளை ராத்திரியே உள்ளே எடுத்துவிடுங்கள். சன்னல் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மாணவர்களே, மழை எச்சரிக்கை உங்கள் கைபேசிக்கு வரும். அடுத்த வீட்டில் தனியாக இருக்கிற சீனப் பாட்டிக்கு வருமா? வானம் கறுத்தால் போய்க் கதவைத் தட்டுங்கள். பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை, சன்னலைக் கைகாட்டினால் புரிந்துகொள்வார்.