அந்த நாலு பேர்



முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவள் மேடையேறினால் மொழியின் பெருமையைப் பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். நம் சங்கத்தின் செயற்குழு மறுக்கவில்லை. அதற்கு முதலில் நன்றி.

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம், நம் சிங்கப்பூரின் தேக்காவில், பஃபலோ சாலையில் பூ வாங்க நின்றிருந்தேன். அந்த நாள்களில் அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "டீச்சர்" என்று ஒரு குரல். திரும்பினால் பச்சைப் பட்டுச்சேலை, நெற்றியில் சின்னப் பொட்டு, கையில் வாழையிலைக் கட்டு. எனக்கு அடையாளம் தெரியவில்லை. எந்த ஆண்டு, எந்த வகுப்பு, மூன்றாம் வரிசையில் சன்னலோர இடம் என்று அவளே சொன்னாள். அப்போதுதான் புரிந்தது. என் நினைவில் அந்த இடத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

ஒருநாள் கவிதை ஒப்புவிக்க முன்னே வந்த அந்தப் பிள்ளையை, "ஆம்பளப் பிள்ளையா நிமிர்ந்து நட" என்று நான் அதட்டினேன். வகுப்பே சிரித்தது. நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. "நீங்க மட்டும் இல்ல டீச்சர், எல்லாரும்தான் சொன்னாங்க. ஆனா தமிழ் வகுப்புல கேட்டதுதான் ரொம்ப நாள் வலிச்சுது" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். வாங்கிய பூவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தெரிந்தது.

அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அவள் திருநங்கை. அம்மாவும் அவளும் செவ்வாய்க்கிழமைகளில் வீரமாகாளியம்மன் கோயிலில் சந்தித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போக முடியாது. அண்ணனை எனக்குப் பழக்கம், நல்ல மனிதர். பேசிப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார்.

அந்த நாலு பேர் யார் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். அரசாங்கம் இல்லை, அடுத்த வீட்டுச் சீனக் குடும்பமும் இல்லை. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்காரும் நாம்தான். இந்த மண்டபத்தில் இருக்கும் நாம்.

நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாத ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பேராசிரியர் ஷான் ரத்னத்தை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது அவர் தலைமையில்தான். அதைப் பெருமையோடு சொல்வோம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1971 ஜூலை 30ஆம் தேதி, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பால் மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவரும் அவரே. இதைச் சொல்வதில்லை. அவரைத் தேடி வந்தவர் திரும்பத் திரும்ப வந்து கெஞ்சினார். மருத்துவர் உடனே தலையாட்டிவிடவில்லை. தேடிப் படித்தார், பிணவறையில் பயிற்சி செய்துபார்த்தார், மனநல மருத்துவர்களைக் கலந்தார், சுகாதார அமைச்சின் இசைவைப் பெற்றார். அந்தக் காலத்தில், இந்த ஊரில், அவருக்கும் ஒரு நாலு பேர் இருந்திருப்பார்கள் அல்லவா? 1973 முதல், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலை மாற்றிக்கொள்ள முடிந்தது. 1991இல் அப்படி ஒருவரின் திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 1996இல் மாதர் சாசனத்தைத் திருத்தி அந்தத் திருமணங்களுக்கு நாடாளுமன்றம் வழி செய்தது. ஒரு மருத்துவர் ஒருவரின் பேச்சை முழுதாகக் கேட்டதில் தொடங்கியது இவ்வளவும்.

சட்டத்தின் கதையிலும் தமிழ்ப் பெயர்கள் உண்டு. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவைப் பிரிட்டிஷார் 1938இல் கொண்டுவந்தார்கள். 2010இல் அதை எதிர்த்து நீதிமன்றப் படியேறிய வழக்கறிஞர் எம். ரவி. 2022இல் அதை நீக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர் அன்றைய உள்துறை, சட்ட அமைச்சர் கா. சண்முகம். நவம்பர் 29ஆம் தேதி 93 பேர் ஆதரிக்க, 3 பேர் எதிர்க்க, அது நிறைவேறியது. அன்றே அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. திருமணத்தின் இலக்கணத்தை நாடாளுமன்றமே வகுக்கும், நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்பது அதன் சாரம். இன்றும் தன்பாலீர்ப்பு இணையர் இருவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்க முப்பத்தைந்து வயதுவரை காத்திருந்து, திருமணமாகாதவர்கள் என்ற கணக்கில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, இனம், சமயம், உடற்குறை முதலியவற்றைப் பாதுகாக்க வேண்டியவையாகப் பட்டியலிடுகிறது. பாலீர்ப்பும் பாலின அடையாளமும் அந்தப் பட்டியலில் இல்லை. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத திருநருக்கு அடையாள அட்டை மாறாது. இது போதாது என்பது என் கருத்து. ஆனால் போதாத சட்டத்தைக்கூட, நம் வீடுகளைவிட முன்னே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் சமயத்துக்கும் பண்பாட்டுக்கும் இது ஒத்துவராது என்று சிலர் சொல்வீர்கள். தீமிதிக்குச் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நடக்கிறோமே, எங்கே போய்ச் சேர்கிறோம்? சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு. அங்கே அரவானின் தலை இருக்கிறது. தீமிதிக்கு முன் அரவான் களப்பலி நடக்கிறது. சாகப்போகும் அரவானை மணக்க எந்தப் பெண்ணும் முன்வராதபோது கண்ணனே மோகினியாகி வந்து தாலி கட்டிக்கொண்டான், மறுநாள் தாலியறுத்து அழுதான் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. சித்திரையில் கூவாகத்தில் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வது அந்தக் கதையை நம்பித்தான். அரவானைக் கும்பிட்டுவிட்டு, அவன் மனைவியர் எதிரே வந்தால் நாம் சாலையைக் கடந்துபோய்விடுகிறோம். தேக்கா அருகே டெஸ்கர் சாலைப் பக்கம் பல ஆண்டுகளாக அதுதான் நடக்கிறது.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில், ஞாயிறு மாலைகளில் வெளிநாட்டு ஊழியர்களான நம் தம்பிகள் புல்வெளியில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் மனம்விட்டுப் பேசினான். பெண் பார்த்தாகிவிட்டது, நாள் குறித்தாகிவிட்டது, தனக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பில்லை என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. தங்குவிடுதி அறையில் தனியாக அழக்கூட இடமில்லை. ஹாங் லிம் பூங்காவில் 2009 முதல் நடக்கும் 'பிங்க் டாட்' நிகழ்ச்சிக்கு அவன் போக முடியாது. 2017 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அனுமதி. தமிழில் பேச அவனுக்கு இருப்பது நம்மைப் போன்ற சங்கங்கள்தான். அவன் இங்கே வந்தால் என்ன கேட்பான்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் நகைச்சுவை நாடகத்தில் ஓர் ஆண் சேலை கட்டி வந்தார், 'ஒன்பது' என்று வசனம் வந்தது, நாம் கைதட்டினோம். நானும் தட்டினேன். அவன் அன்று பின்வரிசையில் இருந்திருந்தால்?

துணை நிற்பது என்றால் வானவில் சின்னம் குத்திக்கொள்வது என்று நான் நினைக்கவில்லை. நாடகப் பிரதியில் அந்த வசனத்தை அடிப்பது, அடிக்கச் சொல்லும்போது முறைப்பவர்களின் முறைப்பைத் தாங்குவது, அதுதான். திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பு என்ற சொற்களைத் தமிழ் வகுப்பில் முகம் சுளிக்காமல் சொல்லிக் கொடுப்பது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரு பெண்களின் வழக்கைத் தீர்ப்பதற்கு முன், தனக்கே இதில் புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். நீதிபதிக்கு அது இழுக்கில்லை என்றால் எனக்கும் இல்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவளோடும் அவள் அம்மாவோடும் கோயிலுக்குப் போனேன். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். நின்று பேசினோம்.

அண்ணனிடம் மறுபடியும் போனேன். "அந்த நாலு பேர்ல ஒருத்தி நான்தான். நான் சொல்றேன், கூப்பிடுங்க" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அவர் மகளுக்குத் தை மாதம் திருமணம். போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். பத்திரிகையில் அத்தை என்று அவள் பெயரைப் போட்டால் எழுத்துப் பிழையில்லாமல் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். நாளைக்கு அச்சகத்துக்குப் போகிறோம். அப்படி ஒரு பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வந்தால், தயவுசெய்து போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள்.